பட்டதா, படவில்லையா?

"அம்மா, ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கிச் சண்டை பார்க்க வர்றியா?" என்று என் பிள்ளை கேட்டபோது நான் தோசைக் கல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். தடவின கை அப்படியே நின்றுவிட்டது.

சகோதரிகளே, நீங்களே சொல்லுங்கள். பெற்று, வளர்த்து, என்ஜினீயரிங் படிக்க வைத்து, 'ஜப்பானில் கம்ப்யூட்டர் உத்தியோகம்' என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்ட பிள்ளை, முப்பத்தைந்து வயசில், ஒரு குழந்தைக்குத் தகப்பனான பிறகு இப்படிக் கேட்டால் ஒரு தாயின் வயிறு என்ன பாடுபடும்?

"பயப்படாதீங்க அத்தை, பொம்மைத் துப்பாக்கிதான்" என்று மருமகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "மாசத்துல ஒரு ஞாயிறு இவருக்கு இந்தப் பைத்தியம். நீங்களாவது போய்ப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. நான் போனா எனக்குக் கொட்டாவிதான் வருது."

டோக்கியோவில் நிஷி-கசாய் என்ற இடத்தில் அவர்கள் ஜாகை. நம் தேசத்துக் கம்ப்யூட்டர்காரர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் பேட்டை அது. துவரம் பருப்புக்கும் பெருங்காயத்துக்கும் அங்கே பஞ்சமில்லை. பேரனைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று மாதம் போயிருந்தேன். போன இடத்தில் இப்படி ஒரு அழைப்பு. சரி, பிள்ளை எதிலே காசைக் கரைக்கிறான் என்று பார்த்துவிடலாமே என்று ஒரு டப்பா முறுக்கும், தயிர் சாதமும் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். சிபா ஜில்லாவில், வயலும் தோப்புமாக இருக்கும் பக்கம். இந்த விளையாட்டுக்கென்றே அங்கே எத்தனையோ மைதானங்கள் இருக்கின்றனவாம். மைதானம் என்றால் நம் ஊர் மைதானம் அல்ல. மூங்கில் காட்டையும் தேவதாரு மரங்களையும் அப்படியே விட்டு, நடுநடுவே தகர டிரம், பலகைச் சுவர், மரக் குடிசை என்று போட்டு வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் வலை.

விளையாட்டின் வரலாற்றைப் பிள்ளை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். ஜப்பானில் சாதாரண ஜனங்கள் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. 1958-ல் வந்த சட்டம் அவ்வளவு கண்டிப்பு. கிடைக்காத பண்டத்தின் மேல்தானே மனசுக்கு ஆசை? அதனால் அச்சு அசலாக நிஜத் துப்பாக்கி போலவே பொம்மைகள் செய்ய ஆரம்பித்தார்கள். அப்புறம் அதில் பிளாஸ்டிக் குண்டு வைத்துக் காற்றால் தள்ளும்படி செய்தார்கள். 1991-ல் டோக்கியோ மருய் என்ற கம்பெனி பாட்டரியில் ஓடும் துப்பாக்கியைக் கொண்டுவந்த பிறகு விளையாட்டு பிரமாதமாகப் பரவிவிட்டது. வெளி தேசங்களில் 'ஏர்ஸாஃப்ட்' என்கிறார்கள். ஜப்பானியருக்கு அது 'ஸர்வைவல் கேம்'. அதையும் சுருக்கி 'ஸபகே' என்பார்கள்.

குண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய ஜவ்வரிசி! ஆறு மில்லிமீட்டர், வெள்ளை நிறம், ஐந்து சேர்ந்தால்தான் ஒரு கிராம். காட்டில் விழுந்தால் நாளடைவில் மக்கிப் போகிற தினுசாகத்தான் இருக்கவேண்டும் என்பது அங்கே விதி.

ஆனால் அந்த ஜவ்வரிசி வருகிற வேகம் சிரிக்கிற வேகம் இல்லை. முன்பு சிலர் துப்பாக்கியின் சக்தியைக் கண்டபடி கூட்டிக்கொண்டு வம்பு செய்யவே, 2006-ல் சட்டத்தைத் திருத்திக் கடிவாளம் போட்டார்களாம். இந்த 0.2 கிராம் குண்டு விநாடிக்கு 99 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. காலையில் போனதும் ஒவ்வொருவர் துப்பாக்கியையும் ஒரு சின்னக் கருவியின் முன்னால் சுடச் சொல்லி வேகத்தை அளந்து பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் மைதானத்தில் ஓர் அடி வைக்க முடியாது. வேடிக்கை பார்க்க வந்த கிழவிக்கும் ஒன்று மாட்டிவிட்டார்கள். மூக்குக் கண்ணாடிக்கு மேல் அந்தக் கண்ணாடியும் ஏறி, நான் எப்படி இருந்தேன் என்பதை என் மருமகள் இன்னும் போட்டோவாக வைத்திருக்கிறாள்.

ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். நாலைந்து பெண்களும் உண்டு. நரைத்த தலைகளும் உண்டு. சிவப்புக் கட்சி, மஞ்சள் கட்சி என்று பிரித்து, கையில் அந்த நிறத்தில் பட்டை கட்டிவிட்டார்கள். என் பிள்ளை சிவப்பு. மைதானத்துச் சிப்பந்தி ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு விதிகளைச் சொன்னார். பிள்ளை பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சாயக் குண்டு அடித்து விளையாடுகிற விளையாட்டு ஒன்று உண்டல்லவா? அதில் பட்டால் சட்டையில் சாயம் அப்பிக்கொள்ளும், மறைக்க முடியாது. இதிலே அப்படி ஒன்றுமில்லை. ஜவ்வரிசி பட்டுத் தெறித்து, இலைச் சருகில் விழுந்துவிடும். அடையாளம் கிடையாது. இத்தனை பெரிய காட்டில் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்க நடுவரும் கிடையாது. பட்டது பட்டவனுக்குத்தான் தெரியும். அவனே கையை உயர்த்தி, 'ஹித்தோ!' என்று கூவிவிட்டு வெளியே நடந்துவிட வேண்டும். உடம்பில் எங்கே பட்டாலும் சரி, துப்பாக்கியில் பட்டாலும் சரி, சொந்தக் கட்சிக்காரன் தெரியாமல் சுட்டாலும் சரி, ஆட்டம் போச்சு.

"பட்டும் சொல்லாம இருந்தா?" என்று கேட்டேன்.

"அவனுக்குப் பேர் ஜோம்பி. செத்தும் சாகாம நடமாடற பிசாசு."

எங்கள் கும்பகோணத்துத் தெருவில் அதற்கு 'அழுகுணி ஆட்டம்' என்று பெயர். சென்னைக்கு வந்த பிறகு 'போங்கு' என்று கற்றுக்கொண்டேன். எந்த ஊரிலும் இதற்கு ஒரு வார்த்தை இல்லாமல் இல்லை, பாருங்கள்!

இதைவிட எனக்கு விசித்திரமாகப் பட்டது இன்னொரு விதி. நாம் சுட்டோம், நிச்சயமாகப் பட்டது, எதிராளி போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனைப் பார்த்து 'ஏய் ஜோம்பி!' என்று கத்தக் கூடாது. சண்டைக்குப் போகக் கூடாது. சிப்பந்தியிடம் மட்டும் சொல்லலாம். தடித்த சட்டை போட்டவனுக்கு, மூச்சிரைக்க ஓடுகிறவனுக்கு, தூரத்திலிருந்து ஓய்ந்து வருகிற குண்டு பட்டதே தெரியாமல் போகலாமாம். சுட்டவனுக்குத்தான் பட்டதுபோல் தோன்றியிருக்கும். நடுவிலே ஒரு மூங்கில் இலை வாங்கிக்கொண்டிருக்கும். ஆகவே பட்டவன் தன்னை நம்பக் கூடாது, சுட்டவன் எதிராளியை நம்ப வேண்டும் என்கிறார்கள். 'ஒனெகாய்ஷிமாஸ்' என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் குனிந்து வணங்கிவிட்டுச் சண்டைக்குப் போனார்கள்.

இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் ஓர் இளவட்டம் முகம் சிவக்க வெளியே வந்தான். நாலு குண்டு போட்டானாம், எதிராளி அசையவில்லையாம். சிப்பந்தியிடம் பொரிந்து தள்ளினான். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு எல்லோரையும் கூப்பிட்டு, காலையில் சொன்ன விதியையே மறுபடி ஒரு தரம் சொன்னார். யாரையும் பார்க்கவில்லை, பெயர் சொல்லவில்லை. ஐம்பது பேரும் அவரவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இந்த மாதிரி ஓரிரண்டு பேர் போதும்மா, நாள் பூரா கெட்டுப்போயிடும்" என்றான் என் பிள்ளை, என் காதோடு.

மூன்றாவது ஆட்டம். மஞ்சள் கட்சியின் கோடியில் ஒரு குடிசை. அதற்குள் ஒரு பொத்தான். அதை அழுத்தி ஹாரனை ஒலிக்கச் செய்துவிட்டால் சிவப்புக்கு வெற்றி. நான் வலைக்குப் பின்னால் ஒரு பலகை மேடையில் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் குடிசை எனக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. என் பிள்ளை ஒரு டிரம்முக்குப் பின்னால் பதுங்கியிருந்தவன், திடீரென்று எழுந்து குனிந்தபடியே ஓடினான். வீட்டில் பேரனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால் 'முட்டி வலிக்குது' என்கிறவன்! வெயில் மூங்கில் இடுக்கில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில் வெள்ளையாக ஒன்று பறந்து வந்ததைப் பார்த்தேன். அவன் வலது தோளுக்குப் பின்புறம் பட்டு, மேலே எகிறி, மறைந்தது.

அவன் ஓட்டம் ஒரு கணம் தடைப்பட்டது. ஒரு கணம்தான். பிறகு குடிசைக்குள் புகுந்தான். 'பாம்!' என்று ஹாரன் அலறியது.

சிவப்புக் கட்சிக்காரர்கள் அவனை நடுவில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை அழைப்பு மாதிரி வந்தார்கள். முதுகில் தட்டினார்கள். அவனும் சிரித்தான். நானும் கை தட்டினேன். தட்டாமல் என்ன செய்வது?

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் விட்டார்கள். அவர்களுக்கெல்லாம் 'கரே' என்று சோற்றின் மேல் கெட்டிக் குழம்பு. நான் என் தயிர் சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவனுக்குத் தெரிந்திருக்காது என்று ஒரு மனசு சொன்னது. தடித்த மேலங்கி போட்டிருந்தான். சிப்பந்தியே சொன்னாரே, தெரியாமல் போகலாம் என்று. அப்படியானால் அந்த ஒரு கணம் ஏன் நின்றான்?

என் கணவர் இருந்திருந்தால் உடனே விஸ்வநாத் கதையை எடுத்திருப்பார். 1980 பிப்ரவரியில் பம்பாயில் நடந்த டெஸ்ட் மாட்ச். இங்கிலாந்து ஐந்து விக்கெட் இழந்து தத்தளிக்கிற சமயம், பாப் டெய்லர் அவுட் என்று அம்பயர் கையைத் தூக்கிவிட்டார். நம் காப்டன் விஸ்வநாத்துக்குத் தெரியும், பந்து மட்டையில் படவில்லை என்று. போய்க்கொண்டிருந்த ஆளைத் திரும்பக் கூப்பிட்டு ஆட வைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் குவித்தார்கள். நாம் பத்து விக்கெட்டில் தோற்றோம். ரேடியோவை நிறுத்திவிட்டு, 'தானம் பண்ணிட்டான், மாட்சைத் தானம் பண்ணிட்டான்' என்று அன்றைக்கு என் கணவர் சாப்பிடக்கூட மாட்டேன் என்றார். அதே மனுஷர், பிள்ளைக்கு எட்டு வயசானபோது அதே கதையைக் கண்ணில் ஜலம் தளும்பச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் அடுக்களையிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்தக் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைதான் இது.

ஆனால் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது விஸ்வநாத் இல்லை. பாண்டி.

பாண்டி ஆடாத பெண் நம்மில் யார்? கட்டம் கட்டமாகக் கரியால் கோடு போட்டு, சில்லு எறிந்து, நொண்டியடித்து ஆடுவோமே, அதில் கடைசிக் கட்டம் என்ன? கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாகக் கால் வைத்துக்கொண்டே 'ரைட்டா?' என்று கேட்க வேண்டும். காலடியில் கோடு இருக்கிறதா இல்லையா என்பது நடக்கிறவளுக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கிறவள் 'ரைட்' என்றால் ரைட். 'அவுட்' என்றால் அவுட்.

எனக்குப் பத்து வயசு இருக்கும். எதிர் வீட்டுப் பெண் கண்ணை மூடிக்கொண்டு ஏழு கட்டம் தாண்டிவிட்டாள். எட்டாவதில் கால் வைத்தாள். கட்டத்தின் நட்ட நடுவில், கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி, பாதம் இருந்தது. இன்றைக்கும் என்னால் அந்தப் பாதத்தைப் படம் போட்டுக் காட்ட முடியும். 'ரைட்டா?' என்றாள்.

'அவுட்' என்றேன் நான்.

அவள் கண்ணைத் திறந்து கீழே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சண்டை போட்டிருந்தால் நானும் இரண்டு கத்துக் கத்தி, மறுநாள் மறந்திருப்பேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து தன் சில்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அப்புறம் என்னோடு பேசினாள், பூ கொடுத்தாள், பள்ளிக்கூடம் சேர்ந்து போனோம். பாண்டிக்கு மட்டும் வரவில்லை. அவள் அப்பாவுக்கு மாற்றல் வந்து குடும்பத்தோடு போய்விட்டார்கள். நான் அதை அவளிடம் சொல்லவே இல்லை. என் கணவரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட நான் அங்கே உட்கார்ந்துகொண்டு என் பிள்ளையை என்ன கேட்பது?

அவனும் சாப்பிடவில்லை. கரண்டியால் குழம்பைச் சோற்றின் மேல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே கேட்டான்.

"அம்மா, நீ அந்தக் குடிசைப் பக்கம்தானே நின்னே?"

"ஆமாம்."

"பார்த்தியா?"

எங்கே பார்த்தேன், இரண்டு கண்ணாடிக்கு நடுவிலே எனக்கு என்ன தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"பார்த்தேன்" என்றேன்.

"தோள்ல ஏதோ 'டொக்'குனு பட்டுது. மூங்கில் கிளைன்னு நினைச்சேன்." கொஞ்சம் நிறுத்தினான். "நினைச்சேன் இல்லைம்மா. நினைச்சுக்கிட்டேன்."

கரண்டியை வைத்துவிட்டு எழுந்தான். சுட்டது யார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. சாப்பாட்டு மேஜைகளுக்கு அப்பால், துப்பாக்கியைச் சரிபார்த்துக்கொள்வதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஐம்பது வயசுக்கு மேல் மதிக்கக்கூடிய மஞ்சள் பட்டைக்காரர் ஒருவர், தன் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய், ஒரு தகரத்தைக் குறிபார்த்துச் சுடுவதும், துப்பாக்கியில் ஏதோ ஒரு சின்னச் சக்கரத்தைத் திருகுவதும், மறுபடி சுடுவதுமாக இருந்ததை நான் முன்பே கவனித்திருந்தேன். அந்தச் சக்கரம்தான் குண்டைப் பின்பக்கமாகச் சுழலவிட்டு நேரே போகச் செய்கிறதாம்.

என் பிள்ளை அவர் முன்னால் போய் நின்று குனிந்தான். அவரும் குனிந்தார். இவன் ஏதோ சொன்னான். மறுபடி குனிந்தான். அவரும் மறுபடி குனிந்தார். இப்படி மூன்று நாலு தரம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் சேர்ந்து எதையோ தேடுகிறார்கள் என்றுதான் தோன்றும். பிறகு சிப்பந்தியிடம் போனான். கடைசியில் தன் சிவப்புக் கட்சி மேஜைக்கும் போனான். அங்கே குனிதல் குறைவாக இருந்தது. காலையில் முதுகில் தட்டின இரண்டு பேர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டதையும் பார்த்தேன். ஜப்பானியர் எல்லோரும் தர்மபுத்திரர்கள் என்று நான் ஒன்றும் கதை கட்டப் போவதில்லை.

திரும்பி வந்ததும் கேட்டேன்: "அவர் என்னடா சொன்னார்?"

"'அப்பாடா, என் துப்பாக்கி கெட்டுப்போகலை'ன்னார். பட்டிருக்கும்னு நினைச்சாராம். நான் நிக்காம ஓடினதைப் பார்த்து, தன் குறிதான் தப்புன்னு முடிவு பண்ணிட்டார். அரை மணி நேரமா அதைத்தான் திருகிக்கிட்டிருக்கார்."

"கோபிக்கலையா?"

"இல்லை. அதுக்கு முன்னாடி சரியா இருந்ததைத் திருகித் திருகி இப்போ கெடுத்துட்டாராம். மறுபடி சரிபண்ணணும்னு சிரிச்சார்."

"வெற்றி யாருக்கு இப்போ?"

"முடிஞ்ச ஆட்டம் முடிஞ்சதுதான்னு சொல்லிட்டாங்க. சிவப்புக்குத்தான் கணக்கு." அதைச் சொல்லும்போதுதான் அவன் முகம் என்னவோபோல் ஆயிற்று. அவர் அடித்துத் திட்டியிருந்தால் தேவலை என்பது போல் உட்கார்ந்திருந்தான். ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டு முடித்தான்.

பிற்பகல் ஆட்டத்துக்கு ஹாரன் ஊதிற்று. எல்லோரும் காட்டுக்குள் மறைந்தார்கள். நான் கண்ணாடி மேல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மேடைக்குப் போனேன். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நான் சரியாக நிற்கக்கூட இல்லை. மூங்கில் புதருக்குள்ளிருந்து, தமிழ்த் தொண்டையில், "ஹித்தோ!" என்று பெரிதாக ஒரு சத்தம்.

ஒற்றைக் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு என் பிள்ளைதான் வந்தான். அன்றைக்கு அத்தனை சீக்கிரம் வெளியே வந்த ஆள் வேறு யாருமில்லை. வலையோரமாக வரும்போது மெள்ளக் கேட்டேன்.

"ஏண்டா, குண்டா, கிளையா?"

"தெரியலைம்மா" என்றான். நடந்துகொண்டே இருந்தான். நாலடி போனதும் திரும்பி, "முறுக்கு மிச்சம் இருக்கா?" என்று கேட்டான்.